இரவு ஷிஃப்ட் முடிஞ்சு ஸ்னோவுக்குள்ள வீட்டை போறது: பஸ்ஸா, காரா? ஸ்காபரோ ஆக்கள் சொல்லுங்கோ

முதல்பனி
திங்கள், விடிய 1:40

எல்லாருக்கும் வணக்கம். வவுனியாவில இருந்து கனடாவுக்கு, ரொறொன்ரோவின்ர ஸ்காபரோப் பக்கம் வந்து பத்து மாசம், இதுதான் என்ர முதல் வின்ரர். மார்க்கம் றோட் லோரன்ஸ் பக்கம் ஒரு பேஸ்மென்ற்றில இருக்கிறன், வேலை ஸ்ரீல்ஸ் பக்கம் ஒரு பக்ரறியில, பின்னேரம் மூண்டு மணியில இருந்து இரவு பதினொண்டரை மட்டும். போகேக்க பிரச்சினை இல்லை, வரேக்கதான் பிரச்சினை.

முந்தநாள் ஸ்னோ கொட்டின இரவு 50 நிமிசம் பஸ் தரிப்பில நிண்டனான். போனில 4 நிமிசத்தில பஸ் வரும் எண்டு காட்டினது, பிறகு 11 எண்டு காட்டினது, பிறகு ஒண்டுமே இல்லை, பற்றறி 30 வீதம் இருக்கத்தக்கதா குளிருக்கு போன் அப்பிடியே நிண்டுபோச்சு. ரெண்டு பஸ் உள்ளுக்கு லைற் போட்டபடி என்னைத் தாண்டிப் போனது, நிக்கேல்ல, முன்னுக்கு நொட் இன் சேர்விஸ் எண்டு போட்டிருந்தது. எனக்கு அழுகை வராத குறை. விரல் நுனி முதல் நொந்துது, பிறகு நோ தெரியேல்ல, வீட்டை வந்து நல்ல சுடுதண்ணிக்குள்ள கையை வைச்சன், நெருப்பில வைச்ச மாதிரி இருந்தது.

இப்ப என்னோட வேலை செய்யிற ஒராள் 2012 கொறோலா ஒண்டு 5500 டொலருக்கு விக்கிறார். ஓல்சீசன் ரயர். ஒக்ரோபரில ஜீ2 லைசென்ஸ் எடுத்திட்டன், ஆனா ஸ்னோவில ஒருநாளும் ஓடினதில்லை, ஊரில மோட்டச்சைக்கிளும் லான்ட்மாஸ்ரர் எண்ட ரெண்டு சில்லு ட்ராக்ரரும்தான் ஓடினனான். இன்சூரன்ஸ் மாசம் 380 கேக்கினம். வாங்கட்டா, இல்லாட்டி ஏப்ரல் மட்டும் பஸ்ஸில பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கட்டா? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

நாலுசில்லு
திங்கள், காலை 7:15

காரை வாங்குங்கோ, யோசிக்கவே வேண்டாம். இரவு பன்ரண்டு மணிக்கு -20இல தரிப்பில நிக்கிறதை விட கார் எவ்வளவோ பாதுகாப்பு. காத்துக் குளிரோட சேர்த்து -28க்குக் கீழ போச்செண்டா மூடாத தோல் பத்தில இருந்து முப்பது நிமிசத்துக்குள்ளயே உறையலாம், 50 நிமிசம் எண்டுறது விளையாட்டில்லை. நான் நாலு சில்லும் இழுக்கிற வண்டி வைச்சிருக்கிறன், எட்டு வருசமா எந்த ஸ்னோவிலயும் வேலைக்குப் போகாம விட்டதில்லை. ஏலுமெண்டா கொறோலாவை விட்டிட்டு அப்பிடி ஒண்டைப் பாருங்கோ.

கமலாக்கா
திங்கள், காலை 9:02

தம்பி, முதல் உந்தக் கையைப் பாரும். விறைச்ச கையை ஒருநாளும் சுடுதண்ணிக்குள்ள வைக்கக்கூடாது, தேய்க்கவும் கூடாது. உணர்ச்சி இல்லாத கைக்கு சூடு தெரியாது, அவிஞ்சு போயிடும். இளஞ்சூட்டுத் தண்ணி, குழந்தையைக் குளிக்க வார்க்கிற சூடு, அவ்வளவுதான். கொப்புளம் போட்டாலோ தோல் வெள்ளையா மெழுகு மாதிரி இருந்தாலோ உடன டொக்ரரிட்டக் காட்டும்.

நான் 89இல வந்தனான், இண்டைக்கு மட்டும் கார் ஓடப் பழகேல்ல. ரெண்டு பிள்ளையளை பஸ்ஸிலதான் கொண்டு திரிஞ்சு வளர்த்தனான், பராமரிப்பு இல்லத்தில இரவு வேலை 22 வருசம் செய்து போன வருசம்தான் விட்டனான். எனக்கு எல்லா ஸ்னோவும் தெரியும். 1999 ஜனவரியில ரெண்டு கிழமைக்குள்ள 118 செமீ கொட்டினது, மேயர் மெல் லாஸ்ற்மன் ஆமியைக் கூப்பிட்டவர், அந்த நேரம் நீர் ஊரில குழந்தையா இருந்திருப்பீர். மற்ற மாகாணத்து ஆக்கள் சிரிச்சவை, ஆனா தெருவில நிண்ட எங்களுக்குத்தான் அது என்னெண்டு தெரியும். நான் அண்டைக்கு வேலையால நடந்தே வீட்டை வந்தனான், ரெண்டரை மணித்தியாலம். ஸ்னோ தொடை மட்டும் நிண்டது, ஒரு பெரிய மனுசன் முன்னுக்குக் கால் பதிச்சுப் பதிச்சுப் போனார், நான் அவற்ற கால் தடத்துக்குள்ளயே காலை வைச்சு வைச்சு வந்தனான். யாரெண்டு இண்டைக்கும் தெரியாது.

பஸ்ஸில போறதெண்டா சிலது கட்டாயம். விரல் விரலாப் பிரிஞ்ச கிளவுஸ் வேண்டாம், எல்லா விரலும் ஒண்டா இருக்கிற மிற்றன் வாங்கும், அதுக்குள்ள மெல்லிய கிளவுஸ் ஒண்டு. பூட்ஸ் ஒரு சைஸ் பெரிசா எடும், இறுக்கின சப்பாத்துக்குள்ள இரத்தம் ஓடாது. பருத்திச் சொக்ஸ் வேர்வையில நனைஞ்சா ஐஸ்தான், கம்பளிச் சொக்ஸ் நனைஞ்சாலும் சூடு தரும். போனை வெளி ஜக்கெற் பொக்கற்றில வைக்காம உள்ள சேட்டுப் பொக்கற்றில வையும், உடம்புச் சூட்டில பற்றறி நிக்கும்.

இன்னொண்டு, இது கனபேருக்குத் தெரியாது. இரவு 9 மணிக்குப் பிறகு விடிய 5 மணி மட்டும் ரிரிசி பஸ்ஸில, அதுதான் ரொறொன்ரோ நகர பஸ்ஸில, ரெண்டு தரிப்புக்கு நடுவில எங்க இறங்க வேணுமோ அங்க நிப்பாட்டச் சொல்லிக் கேக்கலாம். 1991இல பொம்பிளையளுக்கு எண்டு தொடங்கினது, இப்ப ஆரும் கேக்கலாம். ஒரு தரிப்பு முதலே ட்ரைவரிட்டப் போய் சொல்ல வேணும், முன்கதவாலதான் இறங்க வேணும். உம்மட பேஸ்மென்ற் வாசலுக்குக் கிட்ட இறங்கினா அஞ்சு நிமிச நடை மிச்சம், -20இல அஞ்சு நிமிசம் பெரிய விசயம்.

சில்லுச்சத்தம்
திங்கள், பின்னேரம் 4:30

இந்த நகரத்தில பஸ் ஓடத் தொடங்கி 19 வருசம், கூடுதலா ஸ்காபரோப் பக்கம்தான். தம்பி, உமக்கு அண்டைக்கு நடந்ததுக்கு மனம் வருத்தமாத்தான் இருக்கு, ஆனா அந்த ரெண்டு பஸ் ஏன் நிக்காமப் போனது எண்டு விளங்கினா நல்லது.

ஸ்னோவில முன்னுக்குப் போற பஸ் ஒவ்வொரு தரிப்பிலயும் சனத்தை ஏத்தி ஏத்திப் பிந்தும். அதுக்குப் பின்னால வாறதுக்கு ஏத்த ஆள் இருக்காது, அது கெதியா வந்து முதல் பஸ்ஸோட ஒட்டிப்போடும். அப்பிடியே மூண்டு நாலு சேர்ந்திட்டா பாதையின்ர மற்றப் பக்கம் வெறுமையாக் கிடக்கும், அங்கயும் சனம் குளிருக்க நிக்குது. அப்ப கொன்ரோலில இருந்து ஒண்டை வெறுமையா நேரா மற்ற அந்தத்துக்கு ஓடு எண்டுவினம். நீர் கண்டது அப்பிடி ஒண்டா இருக்கலாம், இல்லாட்டி கதவு பழுதாகி டிப்போவுக்குத் திரும்பினதா இருக்கலாம். பின்கதவுப் படிக்குள்ள ஸ்னோ மிதிபட்டு மிதிபட்டு கல்லு மாதிரி இறுகிச்செண்டா கதவு முழுசாச் சாத்தாது, கதவு சாத்தாட்டி பஸ் அசையாது. நான் ஒரு பழைய ஸ்குரூட்ரைவர் சீற்றுக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறன், அந்த ஐஸைக் கிண்டி எடுக்கிறதுக்கு மட்டும்.

மேட்டில இருக்கிற தரிப்புகளும் அப்பிடித்தான். ஏத்தத்தில ஒருக்கா நிப்பாட்டினா 12, 13 தொன் பஸ்ஸை ஐஸில திரும்ப வெளிக்கிடுத்தேலாது. அதாலதான் பெரிய ஸ்னோ வரப்போகுதெண்டா நாற்பது தரிப்பு மட்டில சேவை இல்லை எண்டு முதலே அறிவிக்கிறது. வீட்டுக்குக் கிட்ட உள்ள தரிப்பு அந்த லிஸ்ற்றில இருக்கோ எண்டு ஸ்னோ வர முதல் ஒருக்காப் பாரும்.

நீட்டுப் பஸ், நடுவில சுருங்கி விரியிறது, 60 அடி, அதை ஸ்னோ நாளில எடுத்துப்போட்டு 40 அடிப் பஸ் விடுவினம். அதின்ர எஞ்சின் கடைசியில இருக்கு, கடைசி அச்சுத்தான் முழு பஸ்ஸையும் பின்னால இருந்து தள்ளுறது. முன்பக்கம் ஐஸில நிண்டிட்டா பின்பக்கம் தள்ளிக்கொண்டே வரும், பஸ் நடுவில மடியும், கத்தி மடிக்கிற மாதிரி. ஒருக்கா மடிஞ்சா றோட்டையே குறுக்க அடைச்சுப்போடும்.

கடைசியா ஒண்டு, இதைத்தான் நான் எல்லாரிட்டையும் கெஞ்சிக் கேக்கிறது. பஸ் வரேக்க விளிம்பில நிக்காதேங்கோ, பஸ்ஸுக்குப் பக்கத்தால ஓடி வந்து தட்டாதேங்கோ. றோட்டு நடு உயர்ந்து கரை சரிஞ்சு இருக்கும், மழைத்தண்ணி வடியிறதுக்கு. ஐஸில நான் ஓரங்கட்டேக்க பின்பக்கம் அந்தச் சரிவுக்குத் தானா வழுக்கி நடைபாதைப் பக்கம் வரும். என்ர கால் பிறேக்கில இருக்கும், ஸ்ரியறிங் நேரா இருக்கும், பஸ் பக்கவாட்டில போய்க்கொண்டிருக்கும், கண்ணாடியில அதைப் பாத்துக்கொண்டு இருக்கிறதைத் தவிர நான் செய்ய ஒண்டும் இல்லை. அந்த நேரம் அதில ஒரு பிள்ளை நிண்டா எண்டு நினைச்சு நான் வீட்டில நித்திரையில எழும்பின நாள் இருக்கு. ரெண்டு அடி தள்ளி நில்லுங்கோ, நான் நிண்டு கதவைத் திறந்த பிறகு வாங்கோ, விட்டிட்டுப் போகமாட்டன்.

முதல்பனி
திங்கள், இரவு 12:50

அண்ணை, அக்கா, பெரிய நன்றி. கை சரி, ரெண்டு விரல் நுனியில மட்டும் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு, கொப்புளம் இல்லை. விளிம்பில நிக்கிற கதை எனக்குத் தெரியவே தெரியாது, நான் நேற்றும் கையைக் காட்டிக்கொண்டு றோட்டில இறங்கித்தான் நிண்டனான். நடைபாதையில ஸ்னோ ப்ளோ வண்டி தள்ளிவிட்ட குவியல் வயல் வரம்பு மாதிரி நீட்டுக்குக் கிடக்கு, அதில ஏறி நிண்டா வழுக்குது, அதால எல்லாரும் றோட்டிலதான் நிக்கினம்.

சில்லுச்சத்தம்
செவ்வாய், விடிய 5:10

அந்த வரம்பு எனக்கும் பிரச்சினைதான், முன்பக்கத்தைப் பதிச்சுக் குடுத்தாலும் வயசுபோன ஆக்கள் அதுக்கு மேலால ஏறேலாது. நான் தரிப்பில இருந்து கொஞ்சம் முன்னுக்கோ பின்னுக்கோ ஆற்றையேன் ட்ரைவ்வே வெட்டித் துப்பரவாக்கி இருந்தா அதில கதவு வாறமாதிரி நிப்பாட்டுவன். நீரும் அப்பிடி ஒரு துப்பரவான இடத்தைப் பாத்து உள்ளுக்குத் தள்ளி நிண்டு போன் வெளிச்சத்தைக் காட்டும். கறுப்பு ஜக்கெற் போட்ட ஆளை ஸ்னோ கொட்டேக்க நாங்கள் காணுறது கடைசி நேரத்திலதான்.

கராஜ்காரன்
செவ்வாய், பகல் 12:20

கார் வாங்கிறது வாங்காதது உங்கட விருப்பம், ஆனா ஓல்சீசன் ரயரோட வின்ரருக்குள்ள இறங்க வேண்டாம். இதில எனக்கு ரெண்டாவது பேச்சே இல்லை. ஓல்சீசன் எண்டு பேர்தான், வெப்பநிலை 7 பாகைக்குக் கீழ போனா அந்த ரப்பர் இறுகிப்போகும், ஸ்னோ இல்லாத காஞ்ச றோட்டிலயும் பிடிப்புக் குறையும். வின்ரர் ரயர் ரப்பர் அந்தக் குளிரிலயும் மெத்தெண்டு இருக்கும். வாங்கேக்க ரயர் கரையில மூண்டு சிகர மலையும் நடுவில ஸ்னோ பூவும் உள்ள அடையாளம் இருக்கோ எண்டு பாருங்கோ. நாலு சில்லுக்கும் போட வேணும், முன்னுக்கு ரெண்டு மட்டும் போட்டா முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் விலத்திக்கொண்டு முன்னுக்கு வரப் பாக்கும்.

பழசு வாங்கிறதெண்டா கரையில கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ, 3519 எண்டா 2019ஆம் ஆண்டு 35ஆவது கிழமை செய்தது. ரயரின்ர வெட்டுப் பள்ளம் 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேஞ்சிருந்தா ஸ்னோவுக்கு உதவாது.

கியூபெக்கில டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 மட்டும் வின்ரர் ரயர் சட்டம். ஒன்ராறியோவில சட்டம் இல்லை, ஆனா 2016 ஜனவரியில இருந்து வின்ரர் ரயர் போட்டா இன்சூரன்ஸ் கொம்பனியள் கழிவு குடுக்க வேணும். கேட்டாத்தான் குடுப்பினம், கேளுங்கோ.

2012 கொறோலா எஞ்சின் போகாது, அடியில உப்புக் கறல்தான் பயம். என்னட்ட வந்த ஒரு காரை லிஃப்ற்றில தூக்கி பிறேக் குழாயை விரலால தொட்டன், செதில் செதிலாக் கையோட வந்தது. ஓடிக்கொண்டு வந்தவர் அண்டைக்குத்தான் ரெண்டு பிள்ளையளையும் பள்ளிக்கூடத்தில இறக்கிப்போட்டு வந்தவர். அதால காசு குடுக்க முதல் ஒரு கராஜில காரைத் தூக்கிப் பாருங்கோ.

பற்றறி எத்தினை வருசம் எண்டு கேளுங்கோ, கடுங்குளிரில அதின்ர பலம் பாதியாகும். குளிர் ஒவ்வொரு 5 பாகை இறங்க ரயர்க் காத்து ஒரு பிஎஸ்ஐ மட்டில இறங்கும், மாசம் ரெண்டுதரம் பாருங்கோ. கண்ணாடி கழுவுற தண்ணி -35க்குத் தாங்கிறது போடுங்கோ, கோடைக்காலத் தண்ணி விட்டா நெடுஞ்சாலையில கண்ணாடியில அடிச்ச உடன உறைஞ்சு ஒண்டும் தெரியாமப் போகும்.

நாலுசில்லு
செவ்வாய், பின்னேரம் 6:45

ரயர் விசயம் சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனா எல்லாரும் பஸ்ஸுக்கு சப்போர்ட் பண்ணுறீங்கள், ஒரு விசயத்தை மறக்கிறீங்கள். இரவு வேலை செய்யிற ஆக்கள் கூடுதலா எங்கட சனம், வேற நாட்டில இருந்து வந்த சனம். பஸ் குறைவா ஓடுற நேரத்தில, பஸ் குறைவா ஓடுற இடத்துக்குப் போறவை அவைதான். ஸ்காபரோ ஆர்ரி ரயில் ஓடேக்கயும் பெரிய ஸ்னோ வந்தா அது நிண்டிடும், 2023 ஜூலையில அது தண்டவாளம் விலகினதோட முழுசா மூடியாச்சு, இப்ப கெனடி சப்வே ஸ்ரேசனுக்குப் போகவும் பஸ்தான். எல்லாச் சுமையும் பஸ்ஸுக்கு, அந்த பஸ்ஸும் ஸ்னோவில புதைஞ்சா அந்தச் சனம் எங்க போறது? என்ர அம்மா பத்து வருசம் அப்பிடி நிண்டவ. அவவின்ர முழங்கால் இப்ப எந்த நிலையில இருக்கெண்டு எனக்குத் தெரியும், அதாலதான் கார் எண்டு சொல்லுறன்.

கமலாக்கா
செவ்வாய், இரவு 8:15

தம்பி நாலுசில்லு, நீர் சொல்லுறது முழுக்க உண்மை. அம்மாவுக்கு என்ர அன்பைச் சொல்லும். எனக்கும் ரெண்டு முழங்காலும் அப்பிடித்தான்.

பின்மார்க்_பெடியன்
புதன், விடிய 3:30

நோர்வேயில இருந்து எழுதிறன். 90இல வடக்கு அந்தத்தில இருக்கிற பின்மார்க்குக்கு மீன் பக்ரறி வேலைக்கு வந்த ஆக்களில நானும் ஒராள். எங்கட இடத்தில நவம்பர் கடைசியில மறையிற சூரியன் ஜனவரி கடைசி மட்டும் தலையைக் காட்டாது, அந்த இருட்டிலதான் ஸ்னோவில ஓடுறம். என்ர கருத்து, கார் வாங்கலாம், ஆனா வழுக்கப் பழகாம ஓடக்கூடாது.

இங்க லைசென்ஸ் எடுக்க முதல் வழுக்குற தளத்தில ஓடுற பாடம் கட்டாயம். எனக்கு 30இல ஓடிவந்து பிறேக் அடிக்கச் சொன்னவை, கார் எங்க நிண்டதெண்டு ஒரு கூம்பு வைச்சவை. பிறகு 60இல. ரெண்டு மடங்கு தூரம் எண்டு நினைச்சு நான் மனசுக்குள்ள ஒரு இடத்தைக் குறிச்சு வைச்சிருந்தன், கார் அந்த இடத்தைத் தாண்டி, அங்கால வைச்ச ரப்பர் மானையும் இடிச்சுப்போட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது. வேகம் ரெண்டு மடங்கெண்டா நிக்கிற தூரம் நாலு மடங்கு. அதை ஒருதரும் எனக்குச் சொல்லி விளங்கேல்ல, அந்த மானை இடிச்சுத்தான் விளங்கினது. நாலு சில்லும் இழுக்கிற கார் வெளிக்கிட உதவும், ஏத்தம் ஏற உதவும். நிப்பாட்டுறதுக்கு எல்லாக் காருக்கும் நாலு ரயர்தான்.

மலைப் பாதையளில புயல் நேரம் படலையைச் சாத்திப்போடுவினம், பிறகு கார், பஸ், லொறி எல்லாத்தையும் வரிசையில விட்டு முன்னுக்கு ஸ்னோ ப்ளோ போக எல்லாரும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு போறது. எண்ணெய் காணுமோ, தடிச்ச உடுப்பு இருக்கோ எண்டு பாத்துத்தான் விடுவினம். வடக்கு முனையில இருக்கிற நோர்ட்காப்புக்குப் போற ஈ69 றோட்டின்ர கடைசித் துண்டு வின்ரர் முழுக்க அப்பிடித்தான், குறிச்ச நேரத்தில மட்டும், சுற்றுலா பஸ்ஸும் அந்த வரிசையிலதான். றோட்டுக் கரையில ஆள் உயரத்துக்கு மேல நீட்டுத் தடியள் நட்டிருக்கும், வெளிச்சம் பட்டா மின்னும். ஒண்டுமே தெரியாத வெள்ளைக்குள்ள நான் ஒரு தடியில இருந்து அடுத்த தடியைக் கண்ணால பிடிச்சுப் பிடிச்சுத்தான் வீட்டை வந்த நாளுகள் இருக்கு. அடுத்த தடி தெரியாட்டி அசையிறதில்லை.

உங்கட பக்கம் பெரிய வெறுமையான கடைத் தரிப்பிடம் இருக்குமெல்லே, இரவில ஆளில்லாத நேரம் தெரிஞ்ச ஒராளோட போய் ஓடிப் பழகுங்கோ.

கம்பஸ்பிள்ளை
புதன், காலை 10:05

நான் ரொறொன்ரோ யுனிவர்சிற்றியின்ர ஸ்காபரோ கம்பஸில படிக்கிறன், மோர்னிங்சைட் றோட்டால பஸ்ஸில போறனான். எல்ஸ்மியருக்குத் தெற்கால ஹைலண்ட் கிறீக் பள்ளத்துக்கு இறங்கி ஏறுற அந்த இடம் ஸ்னோ நாளில சரியான பயம். போன கிழமை முன்னுக்குப் போன ஒரு கார் ஏத்தத்தில நிண்டு சில்லுச் சுத்திச்சு, எங்கட ட்ரைவர் கீழேயே, பள்ளத்துக்கு முதலே, பஸ்ஸை நிப்பாட்டிக்கொண்டு அந்தக் கார் மேல போய் மறையிற மட்டும் காத்துக்கொண்டு நிண்டார். உள்ளுக்கு ரெண்டு மூண்டு பேர் நேரம் போகுது எண்டு கத்தினவை. எனக்கும் லேட், நானும் மனசுக்குள்ள ஏசினனான். இப்ப சில்லுச்சத்தம் அங்கிள் எழுதினதை வாசிக்கத்தான் விளங்குது.

சில்லுச்சத்தம்
புதன், இரவு 9:40

அந்த ட்ரைவர் சரியான வேலை செய்திருக்கிறார் பிள்ளை. ஏத்தத்துக்கு பஸ்ஸின்ர ஓட்டம்தான் பலம், அடியில இருந்து ஒரே சீரா வந்தா ஏறும். நடுவில இன்னொருதருக்காக நிண்டா அண்டைக்கு அதுதான் கடைசித் தரிப்பு.

2022 ஜனவரி 17 ஒருதருக்கும் மறந்திருக்காது. பியர்சன் எயார்போர்ட்டில 36 செமீ, அதில கூடுதலானது விடிய ஒரு சில மணித்தியாலத்துக்குள்ளயே கொட்டினது, டிவிபி, கார்டினர் ரெண்டு நெடுஞ்சாலையும் மூடி, நகரம் முழுக்க 500க்கு மேல பஸ் புதைஞ்சு நிண்டது. அதில ஒண்டு என்ரது. ஏழு மணிக்கு ஒரு ஏத்தத்தில முன்னுக்கு ஒரு வான் குறுக்க நிண்டது, நான் நிப்பாட்டினன், அவ்வளவுதான். ஆக்சிலேற்றரை மெல்ல அமத்தினாலும் பின்சில்லு அதே இடத்தில சுத்தி ஸ்னோவை உருக்கி ஐஸாக்கி தனக்குத் தானே குழி தோண்டுது, ஊரில மாரியில சேத்துக்க லான்ட்மாஸ்ரர் நிக்கிற மாதிரி, நீர் ஓடின ஆள்தானே தம்பி, தெரியும். காலை எடுத்திட்டன். பஸ்ஸுக்குள்ள பதினொரு பேர். ஒரு தாதி, வேலை முடிஞ்சு போறவ, முழு இரவும் கொரோனா வார்ட்டில நிண்டிட்டு வாறவ, அப்பிடியே சாஞ்சு நித்திரையாப் போனா. ஹீற்றரை விட்டன், பின்னால புகைக்குழாய்ப் பக்கத்தில ஸ்னோ மூடுதோ எண்டு அரை மணிக்கு ஒருக்கா இறங்கிப் பாத்தன். இழுவை வண்டி வர பின்னேரம் மூண்டு மணி.

அந்தப் புகைக்குழாய் விசயம் கார் ஓடுறவைக்கும் முக்கியம். ஸ்னோவில புதைஞ்சு நிக்கேக்க எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இருந்தா, குழாய் மூடியிருந்தா நச்சுக் காத்து உள்ளுக்கு வரும், மணம் இல்லை, தெரியாது. முதல் இறங்கி அதைத் தோண்டி விட்டிட்டுத்தான் ஹீற்றர். அதுக்காகவே சின்னச் சவள் ஒண்டு காருக்குள்ள இருக்க வேணும், டிக்கிக்குள்ள இல்லை, டிக்கி உறைஞ்சா திறக்காது. 2010 டிசம்பரில சார்னியாப் பக்கம் 402 நெடுஞ்சாலையில 300 பேருக்கு மேல ஒரு நாளுக்கு மேலயா வாகனங்களுக்குள்ள மாட்டுப்பட்டவை, ஆமி ஹெலிகொப்ரரும் வந்து ஆக்களைத் தூக்கினது. அது இங்க இருந்து மூண்டு மணித்தியால ஓட்டம்தான்.

முதல்பனி
ஞாயிறு, விடிய 2:15

எல்லாத்தையும் ரெண்டு மூண்டுதரம் வாசிச்சன். காரை கராஜில தூக்கிப் பாத்தாச்சு, கறல் கொஞ்சம் இருக்கு ஆனா பிறேக் குழாய் போன வருசம் மாத்தினது எண்டு பில் காட்டினவர், 5000க்கு வாங்கியாச்சு. வின்ரர் ரயர் ஓடர் குடுத்திருக்கு, வர நாள் எடுக்குமாம்.

நேற்று மாமா தன்ர காரைத் தந்தார், அதில வின்ரர் ரயர் இருக்கு. ஒரு கடைத் தரிப்பிடத்துக்கு இரவு ஒரு மணிக்குக் கூட்டிக்கொண்டு போனவர். 30க்கு வந்து பிறேக்கை இறுக்கி மிதி எண்டார். மிதிச்சன். காலுக்குக் கீழ பெடல் கடகடவெண்டு உதைச்சுது, ஏதோ உடைஞ்சு போச்செண்டு பயந்து காலை எடுத்திட்டன், கார் அப்பிடியே போய்ச்சுது. மாமா சொன்னார் அது உடையேல்லையடா, அது ஏபிஎஸ், சில்லு பூட்டுப்படாமப் பிடிச்சு விட்டுப் பிடிச்சு விடுது, நீ காலை எடுக்காத எண்டு. பத்துத்தரம் செய்தன். பத்தாவது தரம்தான் கால் பயப்பிடாம அப்பிடியே நிண்டது. பிறகு வளைவில பின்பக்கம் வெட்டிக்கொண்டு போகேக்க கண் லைற் கம்பத்தைப் பாக்குது, கையும் அங்கயே போகுது. போக வேண்டிய இடத்தைப் பார், கம்பத்தைப் பாக்காத எண்டு மாமா கத்தினார். அது இன்னும் சரி வரேல்ல, அடுத்த கிழமையும் போறம்.

பின்மார்க்_பெடியன்
ஞாயிறு, காலை 6:00

வடிவாச் செய்யிறீங்கள். கண் போற இடத்துக்குத்தான் கை போகும், அது வர எனக்கும் ஒரு வின்ரர் முழுக்க எடுத்தது. பாலத்தில மட்டும் கவனம், கீழாலயும் காத்து அடிக்கிறதால மற்ற றோட்டு நனைஞ்சு கிடக்கேக்கயே பாலம் உறைஞ்சிருக்கும், கறுப்பு ஐஸ், தண்ணி மாதிரித்தான் தெரியும். முன்னால போற காரின்ர சில்லில இருந்து தண்ணி தெறிக்காம விட்டா அது தண்ணி இல்லை.

கராஜ்காரன்
ஞாயிறு, பகல் 1:10

ரயர் மாத்திற மட்டும் அந்தக் காரை ஸ்னோவில எடுக்க வேண்டாம். அவ்வளவுதான் கேக்கிறன். உப்புப் போட்டிருக்கு எண்டும் நம்ப வேண்டாம், -10க்குக் கீழ போகப் போக உப்பு ஐஸை உருக்கிறது குறைஞ்சுகொண்டு போகும்.

முதல்பனி
வியாழன், விடிய 3:05

இண்டைக்கு நடந்ததை எழுதாம நித்திரை வராது.

பின்னேரமே ஸ்னோ எண்டு சொல்லியிருந்தவை, கராஜ் அண்ணை சொன்னபடி காரை வீட்டில விட்டிட்டு ஒரு மணித்தியாலம் முந்தி பஸ்ஸில போனன். வேலை முடிஞ்சு தரிப்பில பதினைஞ்சு நிமிசம், மிற்றனுக்குள்ள கிளவுஸ், கை சூடு. உள்ளுக்குத் தள்ளி நிண்டு போன் வெளிச்சத்தைக் காட்டினன், பக்கத்தில நிண்ட ரெண்டு பேரையும் பின்னுக்கு வாங்கோ எண்டு கூப்பிட்டன். பஸ் வந்து நிக்கேக்க பின்பக்கம் மெல்ல, சத்தமே இல்லாம, ஒரு அடி எங்கட பக்கம் வழுக்கி வந்து நடைபாதை விளிம்பில முட்டி நிண்டது. நாங்கள் முந்தி நிண்ட இடம் அது. ஒருதரும் ஒண்டும் கதைக்கேல்ல.

பாதி வழியில முன்னுக்கு ரெண்டு பஸ் ஏத்தத்தில நிண்டதால எங்கட ட்ரைவர் கீழேயே நிப்பாட்டினா, ஒரு பொம்பிளை ட்ரைவர், சின்ன வயசு. மைக்கில சொன்னா, ஏற ஏலாது, காத்திருக்க வேணும், ஆருக்கும் சுகமில்லாட்டி சொல்லுங்கோ எண்டு. ஒரு மணி இருபது நிமிசம் நிண்டம். ஊரில காலமை பதினொண்டரை, அம்மாவுக்கு வீடியோ எடுத்துக் காட்டினன், யன்னலுக்கு வெளியில வெள்ளையா விழுந்துகொண்டே இருக்கு, உது எப்ப நிக்கும் எண்டு அம்மா கேட்டா, தெரியாது எண்டன். நிலத்தில எல்லாற்ற பூட்ஸாலயும் உருகின உப்புத் தண்ணி முன்னுக்கும் பின்னுக்குமா ஓடித் திரிஞ்சுது. பிறகு தூரத்தில நீல லைற் சுத்திச் சுத்தி வந்தது, ஸ்னோ ப்ளோ. அது எங்களைத் தாண்டிப் போகேக்க பஸ்ஸுக்குள்ள இருந்த ஒரு வயசுபோன ஐயா கை தட்டினார், எல்லாரும் தட்டினம்.

அக்கா சொன்ன மாதிரி ஒரு தரிப்பு முதலே போய்க் கேட்டன். வீட்டு வாசலுக்கு நேரா நிப்பாட்டினா. விடிய ரெண்டு மணி தாண்டிப் போச்சு.

கமலாக்கா
வியாழன், காலை 8:20

விரல் எப்பிடி இருக்கு? ரயர் எப்ப வருது?

முதல்பனி
வியாழன், பகல் 11:45

விரல் முழுசாச் சரி அக்கா. ரயர் வந்திட்டுதாம், சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு பூட்டுறம். மாமாவும் வாறார்.